விசையும் ஆர்முடுகலும்: ரோலர் கோஸ்டரில் ஏறிப் பார்ப்போம்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம் – பௌதிகவியல் பகுதி



நியூட்டனின் மூன்று விதிகளையும் ஒப்புவிக்கச் சொன்னால் நீங்கள் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பீர்கள். ஆனால் வினாத்தாளில் "உயர்த்தி சீரான வேகத்துடன் மேல்நோக்கிச் செல்கையில் தளத்தின் மறுதாக்கம் யாது?" என்று கேட்டவுடன் பலரின் பேனா நின்றுவிடுகிறது. விதி தெரியும், அது எங்கே வேலை செய்கிறது என்பது தெரியாது. இப்பாடத்தில் அதை ரோலர் கோஸ்டர் என்னும் விளையாட்டு வண்டியின் துணையுடன் பார்ப்போம்.

உங்களிற் பலர் இவ்வண்டியைத் தொலைக்காட்சியில் மாத்திரம் கண்டிருப்பீர்கள். சென்னைக்குப் போய்வந்த சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஏறியும் இருக்கலாம். ஏறாதவர்கள் கவலைப்பட வேண்டாம். காலி வீதியில் ஓடும் பஸ்ஸும், தாமரைக் கோபுரத்தின் உயர்த்தியும், கார்னிவலில் வரும் மரணக் கிணறும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன. நான் படித்தது கலைப்பிரிவு. ஆகவே சூத்திரத்துக்கு முன் வசனம் வர வேண்டும் என்பது என் பிடிவாதம். வசனம் விளங்கினால் சூத்திரம் தானாக வரும்.

(கணிப்புகளில் புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 மீ செக்⁻² எனக் கொள்க.)

முதலாவது ஏற்றம்

ரோலர் கோஸ்டர் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் இயந்திரம் இல்லை. நிலத்தில் உள்ள மோட்டார் ஒன்று சங்கிலியால் வண்டியை முதலாவது முகடு வரை இழுத்துச் செல்லும். அப்போது "டக் டக்" என்று ஓர் ஓசை கேட்கும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதவாறு, வண்டியின் அடியிலுள்ள கொக்கி பாதையின் பற்களை ஒவ்வொன்றாகத் தாண்டும் ஓசை அது. முகட்டைத் தாண்டிய பின் மோட்டாருக்கு வேலை இல்லை. எஞ்சிய பயணம் முழுவதும் புவியீர்ப்பின் பொறுப்பு.

இப்போது ஒரு வினா. வண்டி சீரான வேகத்துடன் மேலே இழுக்கப்படுகின்றது. அதன் மீது தொழிற்படும் விளையுள் விசை எவ்வளவு?

"மேல்நோக்கிப் போவதால் மேல்நோக்கிய விசையே கூட" என்று எழுதினால் புள்ளி இல்லை. வேகம் மாறவில்லை, திசையும் மாறவில்லை. ஆகவே ஆர்முடுகல் பூச்சியம். விளையுள் விசையும் பூச்சியம். நியூட்டனின் முதலாம் விதி கூறுவது இதையே. சங்கிலி இழுக்கும் விசை, சரிவு வழியே கீழ்நோக்கிய நிறையின் கூறையும் உராய்வையும் சரியாகச் சமப்படுத்துகிறது. இயக்கம் இருந்தால் அத்திசையில் விளையுள் விசை இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். இயக்கத்தைப் பேணுவதற்கு விளையுள் விசை தேவையில்லை. இயக்கத்தை மாற்றுவதற்கே தேவை.

இறக்கம்

முகட்டைத் தாண்டியதும் வண்டி இறங்கத் தொடங்கும். 600 கிலோகிராம் திணிவுடைய வண்டி ஒன்று, முகட்டில் ஏறத்தாழ ஓய்விலிருந்து, 40 மீற்றர் நீளமான நேர்ச் சரிவில் இறங்குகிறது என்க. சரிவின் உச்சி அடியிலிருந்து 20 மீற்றர் உயரத்தில் உள்ளது. உராய்வைப் புறக்கணிப்போம். சரிவு வழியே கீழ்நோக்கிய விளையுள் விசை 3000 நியூட்டன் எனத் தரப்பட்டால்,

விசை = திணிவு × ஆர்முடுகல்
3000 = 600 × ஆர்முடுகல்
ஆர்முடுகல் = 5 மீ செக்⁻²

அதாவது ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் கூடுகிறது. 4 செக்கனின் பின் வேகம் 20 மீ செக்⁻¹. இதை வேக – நேர வரைபில் வரைந்தால் உற்பத்தியிலிருந்து மேலெழும் ஒரு நேர்கோடு கிடைக்கும். கோட்டின் படித்திறன் 20 ÷ 4 = 5; இதுவே ஆர்முடுகல். கோட்டுக்குக் கீழுள்ள முக்கோணியின் பரப்பளவு ½ × 4 × 20 = 40; இதுவே இடப்பெயர்ச்சி. சரிவின் நீளம் 40 மீற்றர் என்று முன்னரே கூறினோம் அல்லவா? கணக்கு ஒத்துப்போகிறது.

இதே விடையைச் சக்தி வழியாகவும் பெறலாம். உச்சியில் அழுத்தசக்தி = 600 × 10 × 20 = 120 000 யூல். அடியில் இது முழுவதும் இயக்கசக்தியாக மாறுகிறது. ½ × 600 × வேகம்² = 120 000; வேகம்² = 400; வேகம் 20 மீ செக்⁻¹. இரு வழியிலும் ஒரே விடை. பரீட்சையில் நேரம் எஞ்சினால் இவ்வாறு மறுவழியிற் சரிபார்க்கலாம். மணிக்கு 72 கிலோமீற்றர் என்று சொன்னால் உங்களுக்கு அந்த வேகம் கண்முன் வரும்.

இரண்டாம் கணிப்பில் திணிவு இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போவதைக் கவனித்தீர்களா? வண்டி வெறுமையாக இருந்தாலும் நிரம்பியிருந்தாலும் உராய்வற்ற சரிவில் ஆர்முடுகல் ஒன்றே. திணிவு இருமடங்கானால் இழுக்கும் விசையும் இருமடங்காகும். உண்மையான பாதையில் மட்டும் நிரம்பிய வண்டி சற்று வேகமாக ஓடும். வளியின் தடை ஆட்களின் தொகையோடு அதே அளவில் கூடுவதில்லை. ஆகவே பாரமான வண்டியை அது குறைவாகவே தாமதப்படுத்தும்.

முதலாவது முகடே மிக உயரமாக இருப்பது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும். வழியில் ஒரு பகுதி சக்தி உராய்வாலும் வளித்தடையாலும் வெப்பமாகவும் ஒலியாகவும் போய்விடுகிறது. பின்னால் வரும் முகடுகள் ஒவ்வொன்றும் எஞ்சியுள்ள சக்திக்கு எட்டும் உயரத்திலேயே இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 2005இல் திறக்கப்பட்டு 2024இல் மூடப்பட்ட கிங்டா கா என்னும் ரோலர் கோஸ்டரில் சங்கிலி ஏற்றம் இல்லை. நீரியல் இயந்திரம் ஒன்று வண்டியை 3.5 செக்கனில் மணிக்கு 206 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுவந்து, 139 மீற்றர் உயரமான கோபுரத்தின் மீது ஏவிவிடும். மணிக்கு 206 கிலோமீற்றர் என்பது ஏறத்தாழ 57 மீ செக்⁻¹. சக்திக் காப்பின்படி இவ்வேகத்தில் எட்டக்கூடிய உயரம் = 57² ÷ 20 = ஏறத்தாழ 162 மீற்றர். கோபுரமோ 139 மீற்றர்தான். இடையிலுள்ள சொச்சம் வளித்தடைக்கும் உராய்வுக்கும் செலவாகி, உச்சியைத் தாண்டுவதற்குச் சிறிது வேகத்தையும் மிச்சம் வைக்கிறது. சில வேளைகளில் அந்தச் சொச்சம் போதாமற் போகும். அப்போது வண்டி உச்சியைத் தாண்டாமல் வந்த வழியே பின்னோக்கி உருண்டு வரும். இது நிகழும் என்று அறிந்தே ஏவு பாதையில் காந்தத் தடுப்புகளைப் பொருத்தியிருந்தார்கள். 2025 பெப்ரவரியில் இதை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அந்த 3.5 செக்கனில் பயணியின் ஆர்முடுகல் 57 ÷ 3.5 = ஏறத்தாழ 16 மீ செக்⁻². 50 கிலோகிராம் திணிவுள்ள மாணவனை இருக்கையின் முதுகு ஏறத்தாழ 800 நியூட்டன் விசையுடன் முன்னோக்கித் தள்ளும். அவனது நிறையோ 500 நியூட்டன். அபுதாபியில் 2010இல் திறக்கப்பட்ட ஃபோர்முலா ரொசா 4.9 செக்கனில் மணிக்கு 240 கிலோமீற்றரை எட்டும் எனப்படுகிறது. அதன் ஆர்முடுகலை நீங்களே கணியுங்கள். (முதலில் 240ஐ 3.6ஆல் வகுக்க மறவாதீர்கள். மணிக்குக் கிலோமீற்றரை அப்படியே பிரதியிட்டு விடை எழுதுவோர் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.)

வயிற்றுக்குள் என்ன நிகழ்கிறது?

இங்கேதான் பரீட்சைக்கு மிகவும் தேவையான பகுதி உள்ளது. ரோலர் கோஸ்டரில் இறங்கும்போது "பாரம் குறைந்தது போல" இருந்தது என்பார்கள். பாரம் குறைந்ததா?

தாமரைக் கோபுரத்துக்குப் போவோம். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 350 மீற்றர் உயரமான இக்கோபுரத்தைக் கொட்டாஞ்சேனையில் மொட்டைமாடியில் நின்றே பார்க்கலாம். அதன் உயர்த்தியில் 50 கிலோகிராம் திணிவுள்ள மாணவி ஒருத்தி நிற்கிறாள் என்க. அவள் மீது இரு விசைகள்: கீழ்நோக்கி நிறை 500 நியூட்டன், மேல்நோக்கித் தளத்தின் மறுதாக்கம்.

உயர்த்தி மேல்நோக்கி 1 மீ செக்⁻² ஆர்முடுகலுடன் புறப்படுகையில்,
மறுதாக்கம் – 500 = 50 × 1; மறுதாக்கம் = 550 நியூட்டன்.

சீரான வேகத்தில் செல்கையில் ஆர்முடுகல் பூச்சியம்; மறுதாக்கம் = 500 நியூட்டன்.

உச்சியை நெருங்கி 1 மீ செக்⁻² அமர்முடுகலுடன் நிற்கப் போகையில்,
500 – மறுதாக்கம் = 50 × 1; மறுதாக்கம் = 450 நியூட்டன்.

மூன்று சந்தர்ப்பத்திலும் நிறை மாறவில்லை. திணிவு மாறவில்லை. மாறியது மறுதாக்கம் மட்டுமே. நமது உடல் உணர்வது நிறையை அன்று. இருக்கையோ தளமோ நம்மைத் தள்ளும் மறுதாக்கத்தையே. "பாரம் குறைந்தது" என்ற உணர்வு மறுதாக்கம் குறைந்ததால் வந்தது. இன்னொன்று: உயர்த்தி எவ்வளவு வேகமாகச் சென்றாலும் அவ்வேகம் மாறாதவரை கண்ணை மூடி நிற்பவளுக்கு எதுவும் தெரியாது. உடலுக்குத் தெரிவது ஆர்முடுகலே. (காது அடைப்பது வேறு விடயம். அது உயரத்துடன் வளியமுக்கம் குறைவதால் வருவது. விசைக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம்.)

மீண்டும் வண்டிக்கு வருவோம். 20 மீ செக்⁻¹ வேகத்துடன் வந்த வண்டி, சரிவின் அடியில் வளைந்து மீண்டும் மேலேறுகிறது. வேகத்தின் திசை மாறுகிறது. திசை மாறினாலும் அது ஆர்முடுகலே. கதி மாறாதிருக்கையிலும் ஆர்முடுகல் இருக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறீர்கள். வளைவின் ஆரை 20 மீற்றர் எனின், மையத்தை நோக்கிய ஆர்முடுகல் வேகம்² ÷ ஆரை = 400 ÷ 20 = 20 மீ செக்⁻². இச்சூத்திரம் உயர்தரத்துக்குரியது, நீங்கள் பாடமாக்க வேண்டியதில்லை. ஆர்முடுகல் தரப்பட்டால் எஞ்சியதைச் செய்யத் தெரிந்தால் போதும்.

மறுதாக்கம் – 500 = 50 × 20
மறுதாக்கம் = 1500 நியூட்டன்

நிறையின் மூன்று மடங்கு! கன்னம் தொங்குகிறது, கையைத் தூக்க முடியவில்லை என்று ஏறியவர்கள் கூறுவது இக்கணத்தையே. அடுத்த முகட்டைத் தாண்டும்போது கீழ்நோக்கிய ஆர்முடுகல் சரியாக 10 மீ செக்⁻² ஆனால், 500 – மறுதாக்கம் = 500; மறுதாக்கம் பூச்சியம். இருக்கை நம்மைத் தொடுகிறது, ஆனால் தள்ளவில்லை. "வயிறு மேலே வந்தது" என்பது இதுதான். அப்போதும் புவி நம்மை 500 நியூட்டனால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. "நிறை பூச்சியமாகும்" என்று விடை எழுதாதீர்கள். "மறுதாக்கம் பூச்சியமாகும்" என்று எழுதுங்கள்.

இதோடு இன்னொரு பொறி. "நிறையும் மறுதாக்கமும் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு அமைந்த சோடி" என்று எழுதுவோர் ஏராளம். அது பிழை. மேலே பார்த்தீர்களே, ஒன்று 500, மற்றது 1500. தாக்கமும் மறுதாக்கமும் சமமல்லாமல் இருக்க முடியுமா? தாக்கமும் அதன் மறுதாக்கமும் எப்போதும் இரு வேறு பொருள்களின் மீது தொழிற்படும். இருக்கை உங்களைத் தள்ளும் விசையின் சோடி, நீங்கள் இருக்கையைத் தள்ளும் விசை. புவி உங்களை இழுக்கும் விசையின் சோடி, நீங்கள் புவியை இழுக்கும் விசை.

தலைகீழாகச் சுழல்வது

1884இல் நியூ யோர்க்கின் கோனித் தீவில் லாமார்க்கஸ் தொம்சன் என்பவர் அமைத்த வண்டி மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வேகத்திலேயே உருண்டது. கட்டணம் 5 சதம். மக்கள் முண்டியடித்து ஏறினார்கள். 1895இல் அதே இடத்தில் திறக்கப்பட்ட ஃபிளிப் ஃபிளாப் என்ற பாதையில் வண்டி தலைகீழாக ஒரு முழு வட்டம் அடித்தது. வட்டம் சிறியது. நேரான பாதையிலிருந்து சடுதியாக அந்த வட்டத்துக்குள் நுழையும்போது மறுதாக்கம் ஒரே கணத்தில் பல மடங்காக எகிறியது. பயணிகளுக்குக் கழுத்து நோவு வந்தது. அது நீண்ட காலம் ஓடவில்லை.

இதன் காரணத்தைச் சுருக்கமாகத் தருகிறேன். உராய்வற்ற பூரண வட்டத்தில், உச்சியை மட்டுமட்டாகத் தாண்டக்கூடிய வேகத்துடன் நுழைந்தாலே அடியில் மறுதாக்கம் நிறையின் 6 மடங்காகும். வட்டத்தைப் பெரிதாக்கினாலும் இந்த 6 மாறாது. அப்படியானால் செய்வது என்ன? வட்டத்தையே கைவிடுவதுதான். 1976இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட ரெவலூஷன் என்ற பாதைக்கு ஜேர்மனியப் பொறியியலாளர் வேர்னர் ஸ்ரெங்கல் கண்ணீர்த்துளி போன்ற வளைவை அமைத்தார். வேகம் கூடிய அடிப்பகுதியில் ஆரை பெரிது. வேகம் குறைந்த உச்சியில் ஆரை சிறிது. வளைவு சிறிது சிறிதாக இறுகுவதால் மறுதாக்கமும் சடுதியாகக் கூடாது. படத்தில் ரோலர் கோஸ்டர் ஒன்றைக் கண்டால் சுழலின் உருவத்தை உற்றுப் பாருங்கள். அது வட்டமாக இராது.

மரணக் கிணறு

இது நம்மூர் உதாரணம். கார்னிவலில் மரப்பலகைகளால் ஆன உருளை வடிவக் கிணற்றின் நிலைக்குத்துச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓடும். ஏன் விழவில்லை? "மையநீக்க விசை அவரைச் சுவரோடு அழுத்துகிறது" என்று எழுதினால் அது நிலத்தில் நின்று பார்ப்பவருக்குரிய விளக்கமன்று. அவர் மீது அப்படி ஒரு வெளிநோக்கிய விசை இல்லை. அவரது உடல் நேர்கோட்டிற் போகவே முற்படும், அது சடத்துவம். சுவர் அவரை உள்நோக்கித் தள்ளித் திசையை மாற்றுகிறது. அத்தள்ளலே செவ்வன் மறுதாக்கம்.

கீழ்நோக்கிய நிறையைத் தாங்குவது யார்? சில்லுக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 150 கிலோகிராம் எனின், மேல்நோக்கிய உராய்வு 1500 நியூட்டன் ஆக வேண்டும். எல்லை உராய்வு செவ்வன் மறுதாக்கத்துக்கு நேர்விகிதசமம் என்பது நீங்கள் படித்ததே. வேகம் கூடினால் செவ்வன் மறுதாக்கம் கூடும். எல்லை உராய்வும் கூடும். வேகம் குறைந்து எல்லை உராய்வு 1500 நியூட்டனுக்குக் கீழே வந்தால் சைக்கிள் வழுக்கும். பலகையில் எண்ணெய் சிந்தினாலும் அதே கதிதான். ஒரு கையை விட்டு ரூபாய்த் தாளைப் பிடுங்கும் வீரர் வேகத்தை மட்டும் விடுவதில்லை, கவனித்தீர்களா?

மிதிபலகை

ரோலர் கோஸ்டரில் தோளின் மேல் இரும்புச் சட்டம் ஒன்று பூட்டப்படும். பூட்டியதை ஊழியர் ஒருவர் இழுத்துப் பார்த்த பின்னரே வண்டி புறப்படும். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு மாலை வகுப்புக்கு வரும் உங்களிற் சிலருக்கு அத்தகைய சட்டம் இல்லை. பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலும், கம்பியில் ஒரு கையும், மறு கையில் புத்தகப் பையும்.

கணக்கைச் செய்து பார்ப்போம். பஸ் மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது 10 மீ செக்⁻¹ வேகத்தில் வருகிறது. முன்னால் முச்சக்கரவண்டி குறுக்கிட, சாரதி 2 செக்கனில் நிறுத்துகிறார். அமர்முடுகல் 5 மீ செக்⁻². 50 கிலோகிராம் திணிவுள்ள நீங்களும் பஸ்ஸுடன் நிற்க வேண்டுமானால் உங்கள் மீது 250 நியூட்டன் விசை பின்னோக்கித் தொழிற்பட வேண்டும். உள்ளே நிற்பவருக்கு அவ்விசையின் பெரும்பகுதியைத் தளத்தின் உராய்வு கொடுக்கும்; முன்னால் நிற்பவரும் கொடுப்பார். மிதிபலகையில் நுனிக்காலில் நிற்பவருக்குக் கொடுக்க விரல்கள் மட்டுமே உண்டு. 250 நியூட்டன் என்பது 25 கிலோ அரிசி மூடையைச் சடுதியாக ஒற்றைக் கையில் தொங்கவிடுவதற்குச் சமம். மழையில் கம்பி நனைந்திருந்தால் உராய்வு இன்னும் குறையும். விரல்கள் அந்த விசையைக் கொடுக்காவிட்டால் பஸ் நிற்கும். நீங்கள் 10 மீ செக்⁻¹ வேகத்துடன் தொடர்ந்து செல்வீர்கள். முதலாம் விதி இதற்கு விலக்கு அளிப்பதில்லை. வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்தால் நான் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அடுத்த பஸ்ஸில் வாருங்கள்.

பயிற்சி

1. 800 கிலோகிராம் திணிவுள்ள வண்டி மீது 1200 நியூட்டன் விளையுள் விசை தொழிற்படுகிறது. ஆர்முடுகல் யாது? ஓய்விலிருந்து புறப்பட்டு 10 செக்கனின் பின் வேகம் யாது?

2. 600 கிலோகிராம் வண்டி 20 மீ செக்⁻¹ வேகத்துடன் தடுப்புப் பகுதியை அடைந்து 4 செக்கனில் சீராக ஓய்வுக்கு வருகிறது. தடுப்பு விசையையும், வண்டி நிற்க முன் சென்ற தூரத்தையும் காண்க. வேக – நேர வரைபை வரைக.

3. 60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் உயர்த்தியினுள் நியூட்டனில் அளவிடும் தராசு ஒன்றின் மீது நிற்கிறார். தராசு 540 நியூட்டன் காட்டுகிறது. உயர்த்தியின் ஆர்முடுகல் யாது? உயர்த்தி மேலே செல்கிறதா, கீழே செல்கிறதா?

விடைகள்: (1) 1.5 மீ செக்⁻². 15 மீ செக்⁻¹. (2) 3000 நியூட்டன், 40 மீற்றர். (3) கீழ்நோக்கி 1 மீ செக்⁻². செல்லும் திசையை இத்தரவுகளிலிருந்து கூற முடியாது: வேகம் கூடியவாறு கீழே செல்லலாம், அல்லது வேகம் குறைந்தவாறு மேலே செல்லலாம். இரண்டையும் எழுதினால்தான் முழுப் புள்ளி.